ரெண்டாவது கியர் சாடும்

வண்டியில் யார் ஏறினாலும், அவர்கள் சரியாக உட்காருவதற்கு முன்பே மாமி ஒப்பிக்கத் தொடங்கிவிடுவாள்.

"கேட்டேளா, ரெண்டாவது கியர் சாடும், போட்ட எடத்திலே நிக்காம வெளியே குதிச்சுடும். அதைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். ஏத்தத்துல கொதிக்கும், நிறுத்தி நிறுத்தித்தான் போகும். பின்னாலே இருக்கிற கதவைத் தூக்கினா நிக்காது, தலையிலே விழும். மழை பெய்தா இடது பக்கம் காலடியிலே வெள்ளம் வரும், செருப்பைக் கழட்டி மடியிலே வச்சுக்கணும். வேற ஒண்ணும் இல்லை. பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று அவள் சொல்லும்போதுதான் பலருக்கும் பயம் வரும். ஒருமுறை எங்கள் தெருக் கோயிலுக்கு உபன்யாசம் செய்ய வந்த பெரியவர் இதையெல்லாம் முழுதாகக் கேட்டுவிட்டு, "நான் நடந்தே வரேன், உடம்புக்கு நல்லது" என்று இறங்கிக்கொண்டார். மாமிக்கு வருத்தம் ஒன்றுமில்லை. "சொன்னேன், இறங்கிட்டார். சொல்லாம ஏத்திண்டு போயிருந்தா அதான் தப்பு" என்றாள்.

இது எண்பதுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு மாமியுடையது. சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். தெருவில் கார் வைத்திருந்தவர்களே அபூர்வம். கார் ஓட்டிய பெண் மாமி ஒருத்திதான். தனியாக டிக்கி இல்லாமல், பின்பக்கக் கதவு மேலே தூக்குகிற மாதிரி அமைந்த சின்ன வண்டி. சின்னக் குடும்பத்துக்கென்றே செய்தது. மாமிக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. எந்தக் கம்பெனி வண்டி என்று நான் எழுதப் போவதில்லை. அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. குறையெல்லாம் அந்த ஒரு வண்டியின் சொந்தக் குறை. மாமியின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரை மட்டும் போட்டாப் போருமா, என் குறையை எல்லாம் யார் எழுதறது?" என்று கேட்டிருப்பாள்.

அந்த வண்டியை வாங்கப் போனபோது துணைக்குப் போனவர் என் அப்பா. முதலில் ஒரு வியாபாரியின் வண்டியைப் பார்த்தார்களாம். கண்ணாடி மாதிரி பளபளப்பு. "ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி, புது வண்டி தோத்துப் போகும்" என்று அவர் சொன்னதுமே மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்தது பட்டம் என்கிற பேட்டையில் ஒரு டாக்டருடைய வண்டி. நாலு வருஷம் ஓட்டியது. அவர் வண்டியைச் சுற்றி வந்து, நோயாளியின் கேஸைச் சொல்வது போல ஒவ்வொரு குறையாகச் சொன்னார். ரெண்டாவது கியர் சாடும் என்பது அவர் வாயிலிருந்து வந்த வாசகம்தான். மாமி அங்கேயே முன்பணம் கொடுத்தாள்.

"வண்டி வாங்கப் போனோமா, வியாதிக்காரனைத் தத்தெடுக்கப் போனோமான்னு எனக்கு இன்னும் புரியலை" என்று அப்பா வந்து சொன்னார்.

மாமிக்கு அதில் குழப்பமே கிடையாது. "குறையே இல்லைன்னு சொல்றவா கிட்டே நான் கத்திரிக்காகூட வாங்க மாட்டேன். ஒண்ணு, அவனுக்கே தெரியலை. இல்லேன்னா தெரிஞ்சுண்டு மறைக்கறான். இதிலே எது தேவலை, நீங்களே சொல்லுங்கோ மாமா."

கியர் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "பிரிச்சா இது போகும், புதுசா ஒண்ணு வரும். வரப்போறது என்னன்னு எனக்குத் தெரியாது. இதை எனக்குத் தெரியும்." மற்றதற்கெல்லாம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பின்கதவை முட்டுக் கொடுக்க, மடித்துணி உலர்த்துகிற கோல் ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டிருந்தாள். கொதிப்புக்கு இரண்டு கேன் தண்ணீர், மூடியைத் திறக்க ஈரச்சாக்கு. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகும்வரை காத்திருக்க மாட்டாள். போவதற்கு முன்பே ஓரங்கட்டி, இறங்கி, பானட்டைத் தூக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் வெற்றிலை விலை விசாரிப்பாள்.

வண்டி மட்டும் இல்லை. எதைக் கொடுத்தாலும் குறையோடு சேர்த்துத்தான் கொடுப்பாள். பண்டிகைக்குப் பாயசம் கொண்டுவந்தால், "லேசா அடிப்பிடிச்சிருக்கு, கேட்டியா, மேலோட்டமா எடுத்துக்கோ" என்பாள். மாடிக்கு வாடகைக்கு வந்த தம்பதியை ஒவ்வொரு மூலையாக அழைத்துப் போய், மழைக்காலத்தில் எங்கே ஒழுகும், எந்த ஜன்னல் வழியாக மரநாய் வரும் என்று காட்டினாள். அவர்கள் கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்கள். என் அம்மாவுக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். "இந்த மாமி வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்பாள்.

இன்னும் இரண்டு விசேஷம் உண்டு. வண்டியின் முன்பெட்டியில் எப்போதும் ஒரு பொட்டலம் கல்கண்டு இருக்கும். மாமி அதைத் தின்று நான் பார்த்ததில்லை. தெருப்பிள்ளைகள் கேட்டால், "அது மருந்து" என்று மூடிவிடுவாள். பிறகு, பகலில் அவள் வீட்டில் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. வாசல், கூடம், படுக்கையறை, கொல்லை எல்லாம் திறந்து கிடக்கும். பூனை, காக்காய், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எல்லாம் உள்ளே போய் வரும். தெருவில் அந்த வீட்டுக்குச் சத்திரம் என்று பெயர்.

அந்தக் கியரைப் பிடிக்கிற ஆளாக நான் எப்படி ஆனேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கம் ஒரு தனியார் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாமியின் ஆபீஸும் அந்தப் பக்கம்தான். காலையில் என்னை ஏற்றிக்கொள்வாள். முன்சீட்டில் உட்காருகிறவருக்கு வேலை உண்டு. மாமி ரெண்டாவதுக்கு மாற்றிவிட்டு "பிடி" என்பாள். நான் வலது கையால் கியர்க்கம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். "விடு" என்றால் விட வேண்டும். இந்த நகரமோ முழுக்க மேடும் பள்ளமும். பிடி, விடு, பிடி, விடு என்று ஆபீஸ் போய்ச் சேருவோம். சில நாளில் அந்த வார்த்தைகளே எனக்குத் தேவையில்லாமல் போயிற்று, மாமிதான் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே என் கை போய்விடும்.

எனக்கு வலிப்பு உண்டு. படிக்கிற காலத்தில் வந்தது. மாத்திரையில் அடங்கித்தான் இருந்தது, ஆனாலும் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்க்கும். வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. தலைசுற்றல் என்றுதான் பெயர். மாத்திரைகள் அடுக்களையில் ஒரு பழைய பெருங்காய டப்பாவில் ஒளிந்திருந்தன. இன்றைக்கும் யாராவது நல்ல சாம்பார் வைத்தால் எனக்கு லேசாக மருந்து வாசனை அடிக்கும்.

ஒருநாள் கிள்ளிப்பாலம் முக்கில், கியரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. என் கை விட்டதும், கியர் சாடியதும், வண்டி பேரிரைச்சல் போட்டதும் மாமி சொல்லித்தான் தெரியும். கண் விழித்தபோது அதே சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கு அடியில் மாமியின் ஆபீஸ் பை. சுற்றிலும் கூட்டம். ஒருவர் சாவிக்கொத்தை உள்ளே நீட்டிக்கொண்டு, "கையில் வச்சுக் கொடுக்கு சேச்சி, இரும்பு பிடிச்சா நிக்கும்" என்று பதறிக்கொண்டிருந்தார்.

"வந்தது தானே போகும். இரும்புக்கு இங்கே ஒரு ஜோலியும் இல்லை. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா அதுக்குக் காத்து வரும்" என்றாள் மாமி.

கூட்டம் கலைந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை. எனக்கு நிதானம் வரும்வரை ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்: "வரதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமோ?"

"கடுகு தீஞ்ச வாசனை வரும் மாமி."

"வந்து எவ்வளவு நேரத்திலே?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"முடிஞ்சப்புறம் தூக்கம் தூக்கமா வருமோ? அப்போ பக்கத்திலே ஆள் இருக்கணுமோ, இருந்தா தொந்தரவா?"

நான் அழுதுவிட்டேன். அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அம்மா வேண்டிக்கொள்வாள், அப்பா டாக்டரிடம் பேசுவார், பாட்டன் வழியில் யாருக்கு இருந்தது என்று சொந்தக்காரர்கள் ஆராய்வார்கள். எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டவள் மாமி ஒருத்திதான். மறுநாள் என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். முன்கதவைத் திறந்துவிட்டு, "கடுகு வாசனை வந்தாச் சொல்லு, ஓரம் கட்டறேன்" என்றாள். அவ்வளவுதான். "பிடி" என்றாள், பிடித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அந்த வரன் வந்தது. பையன் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கர். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அவனும் அவன் அம்மாவும் வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பேசுகிறவர்களைப் பார்க்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்ன அடக்கம் பாருங்கோ" என்று அம்மா பூரித்துப் போனாள். "கழுத்துச் சுளுக்கோ என்னமோ" என்றாள் மாமி. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. கிளம்பும்போது காப்பி டம்ளரை அவனே எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தான், அதற்காகவே பிடித்திருந்தது. ஜாதகமும் பொருந்திவிட்டது. இனி நாங்கள் போய்ப் பையன் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நிச்சயம் செய்துவிடலாம் என்று பேச்சு.

பொன்முடிக்கு பஸ் குறைவு. அப்பாவுக்கு முதுகுவலி வேறு. அம்மாவே எதிர்வீட்டுக்குப் போய் வண்டி கேட்க வேண்டியதாயிற்று.

"வண்டி வரும். கியர் பிடிக்கக் கொழந்தையும் வரணும்" என்றாள் மாமி.

"நன்னாயிருக்கே! நிச்சயம்கூட ஆகலை, அதுக்குள்ளே பொண்ணு அவாத்து வாசல்லே போய் நிக்கறதா? ஊர் சிரிக்கும்."

"அப்போ நீங்க பிடியுங்கோ."

அம்மா ஒத்திகை பார்த்தாள். வழுதக்காடு ஏற்றத்தில் கியர் அவள் கையில் துடித்ததும் "ஐயோ பெருமாளே" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அதோடு நான் போவது தீர்மானமாயிற்று. ஒரே நிபந்தனை: போன இடத்தில் நான் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

போகிற வழியில், மலையடிவாரத்து ஊரான விதுரையில் டீக்கும் தண்ணீருக்கும் நிறுத்தினோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டே மாமி அவரை விசாரித்தாள். "மேலே டாக்டர் உண்டோ?"

"எஸ்டேட்ல ஒரு கம்பவுண்டர் இருக்காரும்மா. பெரிய சீக்குன்னா இங்கனதான் கொண்டாரணும். பஸ்ஸு போயிருச்சுன்னா எஸ்டேட் லாரிதான். மழையில ரோடு அடைச்சுட்டா அதுவும் இல்ல."

அம்மா இதைக் கேட்காதது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் முள் ஏற ஆரம்பித்தது. மாமி வழக்கம்போல முன்கூட்டியே ஓரங்கட்டினாள். கீழே தேயிலைச் சரிவு, தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசைகள், அவற்றின் தகரக் கூரைகள், மேலே மூடுபனி. அப்பா கல்லில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டார். இஞ்சின் ஆறும்வரை வேறு வேலையில்லை. மாமி ஈரச்சாக்கை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"எனக்குக் கல்யாணமாகி அஞ்சாறு மாசம் இருக்கும். அவருக்குச் சின்ன வயசிலேயே சர்க்கரை வியாதி. தெனமும் காலம்பற கம்பவுண்டர் கிட்டே போய் ஊசி போட்டுண்டு வருவார். எங்கிட்டே நடக்கப் போறதாத்தான் சொல்லுவார். அன்னிக்கு ஏகாதசி. ஊசியும் போட்டுண்டார், ஆத்து வழக்கப்படி பட்டினியும் இருந்தார். மத்தியானம் அசந்து படுத்தார். வேர்த்துக் கொட்டித்து. பட்டினிக் களைப்புன்னு நெனச்சுண்டு கொஞ்ச நேரம் விசிறினேன். அப்புறம், தூங்கட்டும், சத்தம் கேக்க வேண்டாம்னு கதவைச் சாத்திண்டு வந்துட்டேன்."

சாக்கை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"ஊசியும் பட்டினியும் சேர்ந்து ரத்தத்திலே சர்க்கரை அடியோட எறங்கிடுத்தாம், வாயிலே கொஞ்சம் சர்க்கரையை இட்டிருந்தாப் பிழைச்சிருப்பாராம். டாக்டர் சொன்னார். அடுக்களையிலே டப்பா நெறைய இருந்தது. மாமியாருக்கு எல்லாம் தெரியும், ஆனா அவ கோயிலுக்குப் போயிருந்தா. ஆத்திலே இருந்தது நான். எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லலை."

நான் கல்கண்டுப் பொட்டலம் இருந்த முன்பெட்டியைப் பார்த்தேன். அந்த மாமியாரைப் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசிக் காலம்வரை மாமிதான் வைத்துப் பார்த்தாள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இது தெரியாது.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் என் அம்மா. "நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லை மாமி. ஆனா முன்னாடி வந்த ரெண்டு வரனும் யாரோ காதிலே போட்டுத்தான் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா இவளுக்கு வேற வராது. வயத்திலே நெருப்பைக் கட்டிண்டு இருக்கேன். உங்க வாயை எனக்குத் தெரியும். இவ தலையிலே கைவச்சுச் சத்தியம் பண்ணுங்கோ, அங்கே வந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு."

மாமி சாக்கைக் கீழே வைத்தாள். பிறகு வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்தாள். கை ஈரமாக, சாக்கு நாற்றத்தோடு இருந்தது. "நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதற்குமேல் மலை ஏறி முடியும்வரை "பிடி" என்றுகூடச் சொல்லவில்லை.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் சின்ன ஓட்டு வீடு. அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். நிபந்தனைப்படி நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், மாமி எனக்குக் காவலாக வெளியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். யாரும் சொல்லாமலே கொண்டுவந்தான்.

"கொதிச்சிருக்குமே" என்றான்.

அது போதாதா மாமிக்கு? ரெண்டாவது கியரில் தொடங்கி, பின்கதவுக்கு வந்து, கோலை எடுத்துக் காட்டி, காலடி வெள்ளம்வரை ஒப்பித்து முடித்தாள். அவன் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகக் கேட்டான். சிரிக்கவில்லை.

"இத்தனையும் வச்சுண்டு எப்படி மாமி இந்த மலை ஏறினேள்?"

"எது எப்போ மக்கர் பண்ணும்னு தெரியுமே. அதான்."

"வேற ஏதாவது உண்டா?"

வண்டியைப் பற்றித்தான் கேட்டான். மாமி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவள் அப்படி மூடி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "வண்டியிலே இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, "தேயிலைச் செடி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்று விறுவிறுவென்று சரிவுப் பக்கம் நடந்துவிட்டாள். வழிநெடுக மணிக்கணக்காக அவள் பார்த்துக்கொண்டு வந்தது தேயிலைச் செடியைத்தான்.

அவன் என் ஜன்னலோரம் பானட்டைப் பார்த்தபடி நின்றான். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது: "எங்காத்துப் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, பகவான் புண்ணியத்திலே." உடனே அவன் அம்மாவின் குரல்: "எங்காத்துப் பிள்ளைக்கும் அப்படித்தான். ஒரு குறை சொல்ல முடியாது."

என் கை இன்னும் கியர்க்கம்பின் மேல்தான் இருந்தது. வண்டி நின்று எவ்வளவோ நேரமாகியும் எடுக்க மறந்திருந்தேன். சொன்னால் இந்த வீடு இல்லை, இந்த மனிதன் இல்லை, டைப்ரைட்டரும் பெருங்காய டப்பாவும்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால் இந்த வீட்டில் ஏதோ ஒரு மத்தியானம் இவன் என் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போவான் என்பதும் தெரியும்.

"எனக்கு வலிப்பு உண்டு" என்றேன்.

அவன் அசையவே இல்லை. பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவன் என் உதடு அசைந்து நின்றதைக் கவனித்துவிட்டு, சட்டென்று குனிந்து முகத்தை மறுபக்கமாகத் திருப்பினான்.

"ஏதாவது சொன்னேளா? மன்னிக்கணும். எனக்கு வலது காது சுத்தமாக் கேக்காது. அம்மா சொல்லப்படாதுன்னு சொல்லியிருக்கா. இந்தப் பக்கம் இன்னொரு தடவை சொல்லுங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்வது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். மலைக் காற்று வேறு. உள்ளே பேச்சு டக்கென்று நின்றது.

அவன் நிமிர்ந்தான். வீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, "வரதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமோ?" என்று கேட்டான்.

மாமி கேட்ட அதே கேள்வி. சொன்னேன். கடுகு வாசனை, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, கையிலும் வாயிலும் எதையும் திணிக்காமல் இருப்பது, பிறகு வரும் தூக்கம், எல்லாம் சொன்னேன். அவன் கேட்கிற காதைக் காட்டி நின்று கேட்டான்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயிலேயே இருந்தது. அப்பா மட்டும் ஒரு வளைவில், "மாமி சத்தியத்தை மீறலை, அதை நீ ஒத்துக்கணும்" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு முதுகுவலி திரும்பிவிட்டது. மாமி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இறக்கத்திலேதான் இன்னும் கெட்டியாப் பிடிக்கணும், கேட்டியா." பிடித்தேன். கீழே வந்து சேர்ந்தபோது உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது.

ஒரு மாசம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா எதிர்வீட்டுப் பக்கம் ஜன்னலைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே பஸ் பிடித்து வந்தான், அவன் அம்மாவோடு. அந்த அம்மாள் அழுது ஓய்ந்த முகத்தோடு, "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிண்டுட்டாளாம். இனிமே நாம மறைச்சு என்ன ஆகப் போறது, முகூர்த்தம் பாருங்கோ" என்றாள். என் அம்மா அன்று சாயங்காலமே பாயசம் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். "இதிலே ஒரு குறையும் இல்லை" என்று வேண்டுமென்றே சொல்லிக் கொடுத்தாளாம். மாமி ருசி பார்த்துவிட்டு, "ஏலக்காய் ஜாஸ்தி" என்றாளாம்.

கல்யாணம் முடிந்து எங்களைப் பொன்முடியில் கொண்டுபோய் விட்டதும் அந்த வண்டிதான். இவர் முன்சீட்டில் கியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்காத காது மாமியின் பக்கம். மாமி போகிற வழியெல்லாம் என் குறைகளைப் பற்றி அவருக்கு விவரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனாள். கோபம் வந்தால் சாப்பிட மாட்டேன், எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் ஊறவைப்பேன், இப்படி. அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் மழைக்காலம் முடியுமுன்பே மலையில் எனக்கு அது வந்தது. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு மாமி வண்டியோடு வந்திருந்தாள். பையை வாங்கிப் பின்கதவைத் தூக்கிக் கோலை முட்டுக் கொடுத்தாள். வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன்.

"கடுகு வாசனை?"

"வந்தது. அவர் சாப்பிட வந்திருந்தார். சொன்னேன். உடனே பிடிச்சுண்டுட்டார்."

"அப்புறம் தூங்கினியோ?"

"தூங்கினேன் மாமி. ரொம்ப நேரம்."

பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கோலில் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கதவு?" என்றாள்.

"சாத்தலை. விரியத் திறந்து போட்டுட்டு, கட்டில் பக்கத்திலேயே உக்காந்திருந்தார். அறை பூரா பனி மஞ்சு நொழைஞ்சு, நான் முழிச்சபோது போர்வையெல்லாம் நனைஞ்சு கெடந்தது."

மாமி கோலை எடுத்து உள்ளே போட்டாள். கதவு அவள் தலையில் விழுந்தது. அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அது அவள் தலையில் விழுந்தது அன்றைக்கு மட்டும்தான். உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கண்ணையும் சேர்த்துத்தான். பிறகு சாவியைத் திருகினாள்.

"ஏறு, கொழந்தே. கேட்டியா, இப்போ மூணாவது கியரும் லேசாச் சாடறது."